கிரிட்டிக்கல் செயின்: தமிழில என்னெண்டு சொல்லுறது?

மருந்துத் தொழிற்சாலையளில பிளான் போடேக்க கிரிட்டிக்கல் பாத், கிரிட்டிக்கல் செயின் எண்டு ரெண்டையும் ஒண்டாக் கலந்து கதைப்பினம், ஆனா ரெண்டும் வேற வேற. பாத் பழசு, 1950களின்ர கடைசியில டூபொன்ட் கொம்பனியில உருவானது, எந்த வேலை முடிஞ்சா எந்த வேலை தொடங்கலாம் எண்டு கோத்துப் பாத்து ஆக நீளமான வரிசையைப் பிடிக்கிறது. செயின் எண்ட பேர் 1997ல எலியாகு கோல்ட்ராட் எழுதின புத்தகத்தோட பரவினது, அவர் பௌதிகம் படிச்ச இஸ்ரேல்காரர். வேலையின்ர ஒழுங்கோட, அதைச் செய்யிற ஆளையும் மெசினையும் சேர்த்துக் கணக்கெடுக்கிறதுதான் செயின்.

மருந்து செய்யிற இடத்தில இந்த வித்தியாசம் பெரிசு. புது மாத்திரை ஒண்டின்ர வலிடேஷன் பட்ச் (செய்முறை சரியெண்டு காட்ட அடிக்கிற தொகுதி) மூண்டையும் அடிச்சு முடிச்சாச்சு எண்டு வையுங்கோ, அதே கிழமை வேற மருந்தின்ர கிளீனிங் ஸ்வாப்பும் (மெசின் கழுவினது சுத்தமோ எண்டு துடைச்செடுத்த மாதிரி) வருது, ஸ்டெபிலிட்டி சாம்பிளும் (மருந்து எவ்வளவு காலம் பழுதாகாம இருக்கும் எண்டு பாக்க வைச்ச மாதிரி) வருது, எல்லாம் கியூசி எண்ட தரக் கட்டுப்பாட்டு லாப்பில, மருந்தில என்ன எவ்வளவு இருக்கு எண்டு அளக்கிற அதே எச்பிஎல்சி மெசினுக்கு முன்னாலதான் காத்துக்கொண்டு நிக்கும். பாத்தில இந்த வேலையளுக்கு ஒண்டோட ஒண்டு தொடர்பே இல்ல. செயினில இருக்கு. மாத்திரை அடிக்கிற மெசினை எவ்வளவு வேகமா ஓட்டினாலும் மருந்தை வெளியில விடுற ரிலீஸ் நாள் முன்னுக்கு வராததுக்கு இதுதான் காரணம், இதை மனேஜ்மென்ட் விளங்கிக்கொள்ளவேணும்.

செயினில அடுத்தது, ஒவ்வொருத்தரும் "எதுக்கும் இருக்கட்டும்" எண்டு தங்கட வேலைக்குள்ள ஒளிச்சு வைக்கிற நாளுகளை வெளியில எடுத்து, அதில ஒரு பங்கை மொத்தமா ப்ரொஜெக்ட் முடிவில பஃபர் எண்டு வைக்கிறது. பக்கத்து வரிசையள் செயினோட வந்து சேருற இடத்திலயும் சின்னப் பஃபர் இருக்கும். பிறகு செயின் எவ்வளவு முடிஞ்சுது, பஃபர் எவ்வளவு கரைஞ்சுது எண்டு பாத்தாப் போதும், பச்சை மஞ்சள் சிவப்பில தெரியும். ஆனா ஒண்டு, வெட்டுறது மனுசர் கூட்டிப் போட்ட நாளை மட்டும்தான். கிருமி இருக்கோ எண்டு பாக்கிற ஸ்டெரிலிட்டி ரெஸ்டுக்கு 14 நாள் இன்கியுபேஷன் (கிருமி வளருதோ எண்டு வைச்சுப் பாக்கிறது) எண்டா 14 நாள்தான், கூடின சூட்டில வைச்சுப் பாக்கிற ஆக்சிலரேட்டட் ஸ்டெபிலிட்டி 40 பாகையில 6 மாசம் எண்டா 6 மாசம்தான், அதில கை வைக்கேலாது.

இப்ப சொல்லுக்கு வருவம். எங்கட ஏ/எல் பௌதிகத்தில கிரிட்டிக்கல் எண்டா அவதி, அவதிக்கோணம், அவதி வெப்பநிலை எண்டெல்லாம் படிச்சனாங்கள். அங்க அவதி எண்டா எல்லை. "அவதிச் சங்கிலி" எண்டா ஆக்கள் துன்பம் எண்டுதான் எடுப்பினம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில கிரிட்டிக்கலுக்கு வாற மாறுநிலையும் பொருந்தாது, இங்க ஒண்டும் நிலை மாறேல்ல. நெருக்கடி எண்டா இன்னும் பிழை, எல்லாம் ஒழுங்கா நடந்தாலும் இந்தச் சங்கிலி இருக்கும். இந்தச் சொல்லின்ர கிரேக்க வேர் பிரிச்சுப் பாத்துத் தீர்மானிக்கிறதைச் சொல்லுது, இங்கயும் முடியிற நாளை நிர்ணயிக்கிறது இந்த வரிசைதானே. அதால "நிர்ணயச் சங்கிலி" எண்டுறதுதான் எனக்குச் சரியாப் படுது. சங்கிலியும் உணவுச் சங்கிலி படிச்ச பிள்ளையளுக்குப் பழக்கம்.

பஃபருக்கு இரசாயனத்தில தாங்கற் கரைசல் எண்டு ஏற்கெனவே நல்ல சொல் கிடக்கு, ஆனா லாப்பில நெடுக அந்தக் கரைசலும் கலக்கிறவை, வெறும் தாங்கல் எண்டா குழம்பும். "காலத்தாங்கல்" எண்டு சொல்லலாம், பக்கத்து வரிசைக்குரியது "கிளைத்தாங்கல்". "எச்பிஎல்சி இப்ப நிர்ணயச் சங்கிலியில நிக்குது, காலத்தாங்கலில பாதி போயிட்டுது" எண்டு காலமைக் கூட்டத்தில சொன்னா, லாப்பில நிக்கிற ஆளுக்கும் பக்கிங்கில நிக்கிற ஆளுக்கும் ஒரேமாதிரி விளங்கும்.