கிராண்ட் ஜூரி: பெருஞ்சான்றாயம்

அமெரிக்க வழக்குச் செய்திகளில் வரும் 'கிராண்ட் ஜூரி'யைப் பலரும் 'பெரிய நடுவர் குழு' என்று எழுதுகிறார்கள். நடுவர் என்றதும் பட்டிமன்ற முடிவில் எழுந்து தீர்ப்புச் சொல்பவரே நம் நினைவுக்கு வருவதால், இந்தப் பெயர் படிப்பவரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. இக்குழு எவரையும் குற்றவாளி என்று தீர்ப்பதில்லை. ஒருவர்மீது வழக்குத் தொடரப் போதிய முகாந்திரம் உண்டா என்பதை மட்டும், அரசு வழக்கறிஞர் முன்வைக்கும் சான்றுகளைக் கேட்டு, மூடிய அறைக்குள் முடிவு செய்கிறது.

'ஜூரி' என்பது சத்தியம் செய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'கிராண்ட்' இங்கே பெருமையைச் சொல்லவில்லை, தலைக்கணக்கைச் சொல்கிறது. வழக்கை விசாரித்துத் தீர்ப்புக் கூறும் ஜூரியில் வழக்கமாக 12 பேர். கூட்டாட்சி நீதிமன்றங்களின் கிராண்ட் ஜூரியிலோ 16 முதல் 23 பேர், அவர்களுள் 12 பேராவது இசைந்தால்தான் குற்றச்சாட்டு பதிவாகும்.

1166இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, ஊர்ப்பகுதிதோறும் 12 பேர் சத்தியம் செய்து, தங்கள் பகுதியில் கொலை, கொள்ளை, திருட்டு ஆகியவற்றில் யார்மீது ஐயம் உள்ளது என்று கூற வேண்டுமென ஆணையிட்டார். அக்கம்பக்கத்தை அறிந்தவர் என்பதே அன்று அவர்களுக்கு இருந்த தகுதி. இங்கிலாந்து 1933இல் இம்முறையைப் பெரும்பாலும் கைவிட்டது. அமெரிக்காவில் 1791இன் ஐந்தாம் திருத்தம் அதை அரசமைப்பிலேயே நிலைநிறுத்தியது.

ஆள் எடுக்கும் முறைதான் அங்கே பெரிதும் மாறியது. ஊர்ப் பிரமுகர்கள் தமக்குத் தெரிந்தவர்களைப் பரிந்துரைக்கும் வழக்கம் முன்பு பல கூட்டாட்சி நீதிமன்றங்களில் இருந்தது. அதனால் ஏழைகளும் கறுப்பினத்தவரும் எளிதில் விடுபட்டுப் போனார்கள். அந்த அநீதியைத் திருத்தவே, வாக்காளர் பட்டியல்களிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுக்க வேண்டும் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பெயர் விழுந்தவரின் வீட்டுக்கு ஒரு வினாப்படிவம் வருகிறது: குடியுரிமை உண்டா, 18 வயது நிரம்பியதா, அந்த நீதிமன்ற எல்லைக்குள் ஓராண்டாக வசிக்கிறாரா, ஆங்கிலம் தெரியுமா, கடுங்குற்ற வழக்கு ஏதும் உண்டா. பெருஞ்சிரமம் உள்ளவருக்கு நீதிமன்றம் விலக்களிக்கலாம். வேலைக்குச் செல்பவரை இப்பணியின் காரணமாக முதலாளி நீக்கக் கூடாது.

கலிபோர்னியாவின் மாவட்டங்களில், உள்ளாட்சி நிர்வாகத்தைக் கண்காணிக்கும் இன்னொரு வகை கிராண்ட் ஜூரியும் உண்டு; அதற்குப் பொதுமக்களே விண்ணப்பிக்கிறார்கள். நீதிபதிகள் நேர்காணல் நடத்திச் சுருக்கும் பட்டியலிலிருந்து பெரும்பாலும் 19 பேர் சீட்டுக் குலுக்கலில் தேர்வாகிறார்கள். ஓராண்டு நேரம் ஒதுக்க வேண்டியிருப்பதால் பணி ஓய்வு பெற்றவர்களே அதிகம் முன்வருகிறார்கள். இளையோரும் அன்றாடக் கூலிக்கு உழைப்போரும் இங்கே குறைந்துபோவது உண்மையிலேயே வருந்தத்தக்கது.

அன்று தாம் அறிந்ததைச் சான்றாகச் சொன்னவர்கள், இன்று பிறர் தரும் சான்றை ஆராய்கிறார்கள். ஆயம் என்றால் குழு; இரண்டு நிலைக்கும் பொருந்துவதால் 'பெருஞ்சான்றாயம்' என்ற சொல்லையே நான் பரிந்துரைக்கிறேன். உறுப்பினரைப் 'பெருஞ்சான்றாயர்' எனலாம். 'கிராண்ட் ஜூரி தீர்ப்பளித்தது' என்பது பிழை; 'பெருஞ்சான்றாயம் குற்றம் சாட்டியது' என்பதே சரி.