ஆரக்கிள் கார்டு: "வாக்குச்சீட்டு"ன்னு சொல்ல முடியாதே, அப்போ என்னன்னு சொல்றது?

ஆரக்கிள் கார்டுன்னா குறி பாக்க எடுக்குற சீட்டு, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னு தான் இங்க யோசிக்கிறேன். ஆரக்கிள்னு சொன்னா பாதிப் பேரு "அதுவும் குறி பாக்குற டாரோ சீட்டு தானே"ம்பாங்க. கிடையாது. டாரோன்னா 78 சீட்டு, அதுல 22 மேஜர் அர்க்கானா (தனித்தனி பேரு உள்ள பெரிய சீட்டு), 56 மைனர் அர்க்கானா (சாதாரண சீட்டுக்கட்டு மாதிரி நாலு வகையா வர்றது), யாரு எப்படி வரைஞ்சாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆரக்கிள்ல கணக்குன்னு ஒண்ணே இல்ல, 30 சீட்டும் இருக்கலாம் 60ம் இருக்கலாம், மிருகம், நிலா, செடின்னு எதை வேணா வரையலாம், சிலதுல படம் கூட இல்லாம ஒத்த வார்த்தை மட்டும் இருக்கும். மரபுக்குள்ள அடங்காத கட்டுன்னு சொல்றது இதனால தான்.

(டாரோட் இல்லைங்க, டாரோ. ஃப்ரெஞ்சு வழியா வந்ததால கடைசி எழுத்து ஊமை. அதுக்கு முன்னாடி இத்தாலியில தாரோக்கி, 15ஆம் நூற்றாண்டுல அது வெறும் சீட்டாட்டம். 1781ல கூர் த ஜெப்லாங்குற ஃப்ரெஞ்சுக்காரர் இது எகிப்து ஞானம்னு ஆதாரமே இல்லாம எழுதி வச்சாரு, அந்தக் கதை இன்னும் ஓடிட்டு இருக்கு.)

சரி, ஆரக்கிள். லத்தீன்ல ஓராரேன்னா பேசுறது, வேண்டிக்கிறது. அதுல இருந்து "ஓராகுலும்"ங்குற லத்தீன் சொல்லு, அதுல இருந்து ஆரக்கிள். கிரேக்கத்துல டெல்ஃபி கோயில்ல பித்தியான்னு ஒரு பூசாரியம்மா அப்பல்லோ சாமி வாக்கைச் சொல்லுவாங்க. இங்கிலீஷ்ல அந்த இடமும் ஆரக்கிள், சொல்ற ஆளும் ஆரக்கிள், சொன்ன சொல்லும் ஆரக்கிள், மூணுக்கும் ஒரே பேரு. ஆக இந்த வார்த்தையோட வேர்ல படமும் இல்ல சீட்டும் இல்ல, பேச்சு தான் இருக்கு. சீட்டு ரொம்பப் பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு. லெனோர்மான்னு 36 சீட்டுக் கட்டு ஒண்ணு இருக்கே, அது 1843ல இறந்துபோன பாரிஸ் குறிகாரம்மா பேரு, ஆனா அந்தம்மா போன பிறகு தான் அவங்க பேரைப் போட்டு வித்தாங்க, மூலம் என்னவோ ஜெர்மனியில விளையாடுறதுக்குன்னு அச்சடிச்ச கட்டு.

இப்போ தமிழுக்கு வருவோம். பேச்சுன்னா வாக்கு, அருள்வாக்குன்னு அழகா ஒரு சொல்லே இருக்கு, ஆனா சீட்டைச் சேர்த்தா "வாக்குச்சீட்டு" ஆகி நேரா எலெக்‌ஷன் பூத்துக்குப் போயிடும். "ஆரூட அட்டை"ன்னும் சொல்லிப் பாக்கலாம், ஆனா ஆரூடம் சமஸ்கிருதம், ஏறி உக்காந்ததுன்னு அர்த்தம், ராசிக் கட்டம் போட்டுப் பாக்குற பிரசன்ன ஜோதிடத்தோட சொல்லு, கட்டமே இல்லாத ஆரக்கிளுக்கு அது பொருந்தல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது விரிச்சி, அதாவது எதேச்சையா காதுல விழுற சொல்லைச் சகுனமா எடுத்துக்குறது. முல்லைப்பாட்டுல வருது, போருக்குப் போன தலைவன் எப்போ வருவான்னு தெரியாம வயசான பொம்பளைங்க நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டுட்டு காத்து நிக்குறாங்க, அந்த நேரம் ஒரு ஆய்மகள் தவிக்கிற கன்னுக்குட்டியைப் பாத்து "உங்க அம்மாங்க இப்போ வந்துருவாங்க"ங்குறா, அந்தச் சொல்லையே நல்ல சகுனமா எடுத்துக்குறாங்க. அவ சொன்னது கன்னுக்குட்டிக்கு, பதில் கிடைச்சது இவங்களுக்கு. கலைச்சுப் போட்டு எதேச்சையா ஒரு சீட்டை எடுத்து அதுல உள்ள வார்த்தையை நமக்குன்னு எடுத்துக்குறதும் அச்சு அசல் இதே தானே! ஆனா இன்னைக்கு விரிச்சின்னு சொன்னா யாருக்குப் புரியும், அது ஒண்ணு தான் குறை.

அதனால என் ஓட்டு குறிச்சீட்டுக்கு. குறின்னா அடையாளம், "குறி சொல்றது"ன்னா வாக்கு, படமும் பேச்சும் ஒரே சொல்லுல வந்துருது. டாரோவை டாரோன்னே விட்டுடலாம், அது ஒரு குறிப்பிட்ட கட்டோட பேரு. டெக்குக்குப் புதுசா எதுவும் தேட வேணாம், சீட்டுக்கட்டுன்னு ஏற்கனவே சொல்றோம், சீட்டைப் பரப்பி வைக்குற ஸ்ப்ரெட்டுக்கு விரிப்பு, சீட்டு தலைமாறி வர்ற ரிவர்ஸ்டுக்கு தலைகீழ்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க குறிச்சீட்டுப் பக்கம் போறதுக்குக் காரணம் 78 அர்த்தத்தை மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, சீட்டுலயே சொல்லு இருக்கு, கூட ஒரு சின்ன புக்லெட்டும் வரும். ஆனா ஒண்ணு, அந்த புக்லெட் தான் அந்தக் கட்டுக்கு மொத்தச் சட்டமும், ஒரு கட்டுல படிச்சது அடுத்த கட்டுக்கு உதவாது. பழகினவங்க புக்லெட்டை ஓரமா வச்சுட்டு படத்தை மட்டும் பாப்பாங்க, இல்லன்னா டாரோ விரிச்சு முடிச்ச பிறகு கடைசியா ஒரே ஒரு குறிச்சீட்டை எடுத்து மேல வைப்பாங்க.