இணையவழிப் பட்டப்படிப்பு மாணவருக்கு நூலகத்தில் உள்ள இடம்

பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வெளியிட்ட திறந்தநிலை, தொலைநிலை மற்றும் இணையவழிப் படிப்புகளுக்கான ஒழுங்குமுறைகளின்படி, அனுமதி பெற்ற நிறுவனம் இணையவழியில் வழங்கும் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் நேரடி வகுப்பில் பயின்று பெறும் பட்டங்களுக்கு இணையானவை. பட்டம் இணையானது என்றால் அதற்கான வாசிப்பும் இணையாக இருக்க வேண்டும். ஆனால் பல்கலைக்கழகம் அனுப்பும் பாடக்குறிப்புகளையும் காணொளிகளையும் மட்டுமே படித்து, நூலகம் என்ற ஒன்று தமக்கும் உண்டு என்பதை அறியாமலேயே தேர்வெழுதி முடிப்போர் பலர். ஆகவே, அவர்கள் எவற்றைப் பயன்படுத்தலாம், அதற்கு யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் அறிய வேண்டியது, மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். ஆய்விதழ்களுக்கு அமைச்சகங்களின் கீழிருந்த நூலகக் கூட்டமைப்புகளும் கல்வி நிறுவனங்களும் தனித்தனியே பணம் கட்டிவந்த நிலையை மாற்றி, 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கி, 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களுக்கு அரசே சந்தா செலுத்துகிறது. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுமாக 6,300-க்கும் மேற்பட்டவை இதில் அடங்கும். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் அமைப்பான, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. மாணவர் தம் கையிலிருந்து எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

இணையவழி மாணவருக்குச் சிக்கல் எழுவது இந்த இடத்தில்தான். வளாகத்துக்குள் இருக்கும் கணினியில் திறந்தால், அந்த நிறுவனத்தின் இணைய இணைப்புக்குரிய எண் முகவரியை (ஐ.பி.) பதிப்பகத்தின் தளம் அடையாளம் கண்டு கட்டுரையைத் தானாகவே காட்டிவிடும். வீட்டிலிருந்து திறப்பவருக்கோ அதே பக்கம் விலை கேட்கும். அதைப் பார்த்ததும் தமக்கு அனுமதி இல்லை என்று எண்ணி மூடிவிடுவது இயல்பு; ஆயினும் அது தவறான முடிவு. வெளியிலிருந்து நுழைவதற்கென்றே இன்ஃப்ளிப்நெட் ‘இன்ஃபெட்’ என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. அதில் சேர்ந்துள்ள நிறுவனம் தன் மாணவர்களுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வழங்கும். பதிப்பகத் தளத்தில் நிறுவனம் வழியாக நுழைவதற்கான பகுதிக்குச் சென்று, தம் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பயனர் பெயரைக் கொடுத்தால் கட்டுரை திறக்கும். பயனர் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பது நிறுவனத்தின் கையில் இருப்பதால், சேர்க்கை எண்ணையும் படிப்பின் பெயரையும் குறிப்பிட்டு, “வளாகத்துக்கு வெளியிலிருந்து மின்னிதழ்களைப் படிப்பதற்கான நுழைவு வேண்டும்” என்று நூலகருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொழில்நுட்பப் பிரிவுக்கோ மாணவர் சேர்க்கைப் பிரிவுக்கோ எழுதினால் நாள்தான் கடக்கும்.

தனியார் பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாக உள்ள தனியார் நிறுவனங்களும் இத்திட்டத்தின் முதல் கட்டத்தில் இடம்பெறவில்லை. இணையவழிப் படிப்புகளைப் பெருமளவில் நடத்துவோரில் இவர்களும் உண்டு என்பதால் இதை ஒரு பெரிய குறையாகவே கருதுகிறேன். அங்கே பயில்வோர், நிறுவனம் சொந்தமாகச் சந்தா கட்டும் இதழ்கள் எவை, அவற்றை வீட்டிலிருந்து படிக்க முடியுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது.

எந்த நிறுவனத்தில் பயின்றாலும் கட்டணமின்றிக் கிடைப்பவையும் உள்ளன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் உள்ளன. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் அவற்றில் அடக்கம். இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் ‘இஞான்கோஷ்’ தளத்தில் இருக்கின்றன. கரக்பூர் ஐஐடி உருவாக்கிய இந்திய தேசிய மின்னூலகத்தில் எவரும் பதிவு செய்துகொள்ளலாம். தமிழ் இலக்கியம், வரலாறு பயில்வோருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெருந்துணை.

நுழைவு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. தேடத் தெரிய வேண்டும். நேரடி மாணவருக்கு முதல் பருவத்தில் நடத்தப்படும் நூலக அறிமுக வகுப்பை இணையவழி மாணவருக்கும் நடத்துமாறு கேட்பதில் தயக்கம் வேண்டாம். நூற்பட்டியலில் தேடுவது, பொருத்தமான தேடுசொல்லைத் தேர்வது, இதழின் தரத்தை அறிவது, மேற்கோளுக்கு முறையாகச் சான்று காட்டுவது ஆகிய நான்கையும் அந்த வகுப்பில் கற்றுக்கொண்டால் ஒப்படைப்பு எழுதும்போது வீணாகும் மணிநேரங்கள் மிச்சமாகும். கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுப்பதும், ஓர் இதழ் முழுவதையும் மொத்தமாகப் பதிவிறக்குவதும் உரிம விதிகளுக்கு எதிரானவை; ஒருவர் அப்படிச் செய்தால் பல்கலைக்கழகம் முழுவதற்குமே நுழைவு தடைபடக்கூடும்.

அமைதியாக அமர்ந்து படிக்க இடமில்லாதவர்களுக்குப் பொது நூலகங்கள் இருக்கின்றன. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் நூல்களை அங்கேயே அமர்ந்து படிக்கலாம்.

பல்கலைக்கழகம் தந்த நுழைவு பொதுவாகப் படிப்புக்காலம் வரை மட்டுமே செல்லும். ஆகவே ஆய்வுத்திட்டத்துக்குத் தேவைப்படும் கட்டுரைகளை இறுதிப் பருவம் முடிவதற்குள் ஒவ்வொன்றாகப் பதிவிறக்கி, ஆசிரியர் பெயரும் ஆண்டும் குறித்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.