சந்திப்பா, இணைப்பா?

மணியாச்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இப்போது 'மணியாச்சி இணைப்பு நிலையம்' என்று போடத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது கட்டுரையிலும் அதையே பார்த்ததும் பொறுக்கவில்லை. ஜங்ஷனுக்குத் தமிழ் சந்திப்பு, இணைப்பு அல்ல.

ஜங்ஷன் இலத்தீன் வழி வந்த சொல். சேர்த்தல், பூட்டுதல் என்பது வேர்ப்பொருள். அந்த வேரைப் பிடித்துக்கொண்டுதான் 'இணைப்பு' என்கிறார்கள். ஆனால் ரயில்வேயில் ஜங்ஷனுக்குப் பொருள், தடங்கள் கூடிப் பிரியும் நிலையம் என்பதுதான்.

மணியாச்சி ஒட்டப்பிடாரம் வட்டத்துச் சிற்றூர். 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பாதை வந்தபோது, திருநெல்வேலித் தடம் பிரிந்தது இங்கேதான். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் இங்கே நிற்க நேர்ந்ததும் அதனால்தான். திருநெல்வேலியிலிருந்து கொடைக்கானலுக்குப் புறப்பட்டவர், தூத்துக்குடியிலிருந்து கப்பல் பயணிகளை ஏற்றி வரவேண்டிய போட் மெயில் ரயிலுக்காகத் தன் பெட்டியில் காத்திருந்தார். அப்போதுதான் வாஞ்சிநாதன் சுட்டார். இன்று நிலையத்தின் பெயரே வாஞ்சி மணியாச்சி.

இதை அவர்கள் சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள்: 'இணைப்பில் இணைப்பு ரயிலுக்காகக் காத்திருந்தார்.' முதல் இணைப்பு ஊர், இரண்டாவது வண்டி. பெட்டியோடு பெட்டியைக் கோப்பதும் இணைப்புதான். மூன்றும் நடக்கிற ஓரிடத்தில் மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் படிக்கிறவர் என்ன செய்வார்? அப்புறம், இணைப்பு என்றாலே இணைக்கிற ஆள் ஒருவர் வேண்டும். தடங்கள் தாமே வந்து சந்திக்கின்றன. முச்சந்தி, நாற்சந்தி என்று நாம் சொல்வதும் அப்படித்தானே.

சந்தி வடசொல் என்பார்கள். சரி, தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் கூடல் இருக்கிறது. தாமிரபரணியோடு சிற்றாறு கூடும் சீவலப்பேரிப் பக்கத்துக்கு முக்கூடல் என்ற பழம்பெயர் உண்டு. ஆறு கூடும் இடத்துக்குப் பொருந்தும் சொல் தண்டவாளத்துக்கும் பொருந்தும். அதை எடுத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அகராதியைப் புரட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் மஞ்சள் பெயர்ப்பலகையையும் ஊர்ப்பேச்சையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

தென்மாவட்டங்களில் விலக்கு என்றொரு நல்ல சொல் புழங்குகிறது. பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் வழி பிரியும் இடம் அது. பஸ்ஸில் 'விலக்குல இறக்கி விடுங்க' என்பார்கள். மணியாச்சியை ரயில் விலக்கு என்று யாராவது எழுதினால்கூட எனக்குச் சம்மதம்தான்.