04652-இல் காணாமல் போகும் பூஜ்யம்

நாகர்கோவிலில் எங்களிடம் நிரல் எழுதும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது, "அண்ணா, ஜேசன் பார்ஸ் ஆகமாட்டேங்குது." ஜேசன் என்பது நிரல்கள் ஒன்றுக்கொன்று தரவு அனுப்பும் எழுத்து வடிவம், பார்ஸ் என்பது அதைப் படித்துப் பிரிப்பது. சர்வரிலிருந்து வந்ததை அப்படியே பிரிண்ட் செய்து பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்பேன். பல நேரம் முதல் எழுத்தே '<' என்று இருக்கும். வந்தது ஜேசனே அல்ல, ஏதோ பிழைப் பக்கத்தின் எச்டிஎம்எல், அதாவது இணையப் பக்கம் எழுதும் மொழி. இல்லையென்றால் ஒற்றை மேற்கோள்குறி, அல்லது கடைசி உறுப்புக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி இரண்டையும் ஏற்கும், ஜேசன் ஏற்காது.

இவற்றிலாவது பிழைச்செய்தி வந்துவிடும். எனக்குப் பயம், செய்தியே வராத தவறுகள்தான்.

தோவாளைப் பூ வியாபாரி ஒருவருக்கு ஆப் செய்தோம். ஆப்பில் தொட்டால் நாகர்கோவில் கடை எண்களுக்கு மட்டும் அழைப்பு போகவில்லை. ஜேசனில் எண்ணுக்கு முன்னால் தேவையில்லாத பூஜ்யம் இருக்கக்கூடாது. நாகர்கோவிலின் எஸ்டிடி குறியீடு 04652 மேற்கோள் இல்லாமல் வந்திருந்தால், பார்ஸ் செய்யும் பார்சர் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் பட்டியலை எக்செல் முன்பே எண்ணாக மாற்றி, பூஜ்யத்தை விழுங்கிவிட்டது. 4652 என்று வந்ததில் பார்சருக்கு என்ன குறை?

அதே ஆப்பில் விலை மேற்கோளுக்குள் வந்தது. பிச்சி "800", மல்லி "1200". மேற்கோளுக்குள் இருப்பதை எண்ணாக அல்ல, எழுத்தாக எடுப்பதால், கூட்டினால் 8001200! விலை கூடியதை மேலே வைக்கச் சொன்னால் பிச்சி மேலே போனது, எழுத்தாகப் பார்த்தால் 1-ஐவிட 8 பெரிதல்லவா?

கூட்டிக் கழிக்கப் போகிறோமா? அப்படியென்றால் எண். இல்லையென்றால் மேற்கோளுக்குள். போன், பின்கோடு, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் மேற்கோளுக்குள்தான். ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991 வரைதான் முழு எண்களை நம்பலாம். 9007199254740993 அனுப்பிப் பாருங்கள், கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். கணக்கு எண்ணில் அது நடந்தால், இன்னொருவர் கணக்கு.

தமிழ்ப் பெயர்கள் 'பேக்ஸ்லாஷ் யு' என்று தொடங்கும் குறிகளாகத் தெரிகிறதே என்றும் கேட்பார்கள். தரவு கெடவில்லை, பார்ஸ் செய்ததும் தமிழாகிவிடும்.

சரி, போன பூஜ்யத்தை நாமே ஒட்டவைக்கலாமா? வேண்டாம். ரோஜாப்பூ அனுப்பும் பெங்களூரு கடையின் 080 எண், பூஜ்யம் போனால் பத்து இலக்க செல்போன் எண் போலவே நிற்கும். அனுப்புகிறவரிடம் சொல்லி மேற்கோளுக்குள் வாங்குங்கள்.