வேப் பிடிக்கிறீர்களா? எந்த வகை?

மேசைமேல் அந்த அம்மா வைத்ததைப் பார்த்ததும் எனக்கே ஒரு நொடி பென் டிரைவ் என்றுதான் தோன்றியது.

"சட்டைப் பையில இருந்துச்சு டாக்டர். பென் டிரைவ்னு நினைச்சு, துவைக்கப் போடறப்ப மூணு தடவை நானே எடுத்து அவன் மேசையில வெச்சிருக்கேன்."

பையனுக்கு 19 வயது. குனிந்த தலை நிமிரவில்லை. "சிகரெட் இல்ல டாக்டர், வேப்தான். வெறும் ஆவி."

வேப் என்பது பேட்டரியில் ஓடும் மின்-சிகரெட். நெஞ்சக நோய் மருத்துவராக நான் முன்பெல்லாம் "வேப் பிடிப்பீங்களா?" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இப்போது "எந்த வகை?" என்று கேட்காமல் விடுவதில்லை. உடம்புக்குள் எவ்வளவு நிகோடின் போகிறது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றே. பேட்டரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்கும். அதை ஒட்டியிருக்கும் பஞ்சுத்திரியில் ஊறிய திரவம் புகைபோலக் கிளம்பும். திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள்கள், பெரும்பாலும் நிகோடின். வருவது நீராவி இல்லை, நுண்துளிகள். சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் அதில் கலந்து வரலாம்.

சீன மருந்தாளுநர் ஹோன் லிக் 2003-இல் உருவாக்கிய கருவியை ஒட்டி முதலில் பரவியவை சிகரெட் போலவே இருக்கும். இழுத்தால் நுனியில் விளக்கு எரியும், அவ்வளவுதான், வீரியம் குறைவு. அடுத்து வந்தது பேனா வடிவம், திரவத்தை நாமே நிரப்பும் தொட்டியோடு. இதில் திரவம் தீர்ந்தது தெரியாமல் இழுத்தால் திரி கருகி, நெடி தொண்டையைப் பிடிக்கும். அப்போது ஃபார்மால்டிஹைடும் கூடுதலாக உண்டாகிறது.

பெற்றோர் அதிகம் பயப்படுவது 'மோட்' எனும் பெட்டி வடிவத்தைப் பார்த்துத்தான். கையடங்காத பேட்டரி, வாட்டைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான், அறை நிறையப் புகை. ஆனால் அதில் ஊற்றும் திரவத்தில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 3 அல்லது 6 மில்லிகிராம் நிகோடின்தான் இருக்கும். (திரவம் அதிகம் செலவாகும் என்பதால் இதையும் சாதாரணமாக நினைக்க முடியாது. இதன் உதிரி பேட்டரியைச் சாவி, சில்லறையோடு ஒரே பையில் போட்டால் தீப்பிடிக்கக்கூடும்.)

நான் பயப்படுவது அந்தப் பென் டிரைவைப் பார்த்துத்தான். பாட் (திரவக் குப்பியை மட்டும் மாற்றுவது), டிஸ்போசபிள் (தீர்ந்ததும் தூக்கி எறிவது) என்று சொல்லப்படும் இந்தச் சின்னக் கருவிகளில் இருப்பது பெரும்பாலும் நிகோடின் உப்பு. சாதாரண நிகோடின் காரத்தன்மை உள்ளது; அளவு கூடினால் தொண்டை எரியும், இருமல் வரும். உடம்பு போடும் தடை அது. நிகோடினோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்தால் அந்தக் காரம் தணிந்துவிடுகிறது. எரிச்சல் இல்லை, இருமல் இல்லை, புகையும் கொஞ்சம்தான். வீரியமோ பல மடங்கு. அமெரிக்காவில் 2015-இல் வந்த ஜூல் என்ற பிராண்டின் பாடில் மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் வரை இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்சவரம்பு 20.

புகையிலையைச் சூடாக்கும் கருவிகளையும் பலர் வேப் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அவை வேறு. உள்ளே இருப்பது அசல் புகையிலை.

வகைக்கு அடுத்தபடி, திரவம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பேன். அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களிடையே 2019-இல் தொடங்கிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். அதில் முக்கியக் குற்றவாளி, கள்ளத்தனமாகக் கைமாறிய கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் இ அசிட்டேட்.

"சிகரெட்டை விட இது தேவலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்கெனவே தினம் ஒரு பாக்கெட் பிடிப்பவர் சிகரெட்டை அறவே விட்டு இதற்கு மாறினால், எரிதலால் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் சிகரெட்டை விட நினைப்பவருக்கு நான் முதலில் எழுதிக் கொடுப்பது தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங்கமும்தான். இந்தப் பையன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவனுக்கு இது எதற்கும் மாற்று இல்லை.

கருவியைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துக் காட்டினேன். 2 மில்லிலிட்டர், மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், மொத்தம் 40. ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது சுமார் 1 முதல் 2 மில்லிகிராம். இதில் பாதியே சேர்ந்தாலும் பத்து சிகரெட்டுக்குக் குறையாது.

"ஒண்ணு எத்தனை நாளைக்கு வரும் தம்பி?"

"ஒன்றரை நாள்."

"காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் இழுப்பு?"

அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னான். "எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர். தலகாணிக்கு அடியிலதான் வெச்சிருப்பேன்."