பிரேக் டிஸ்க்குக்குள் ஒரு வயல் பம்பி

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சேர், என்ர டொயோட்டா விட்ஸ் காருக்கு முன் பிரேக்கைப் பெரிசாக்கப் போறன். பழைய சாமான் கடையில பெரிய டிஸ்க்கும் கலிப்பரும் பாத்து வச்சிருக்கன். வாகனம் கெதியா நிக்கும்தானே? இப்ப இருக்கிற 14 இஞ்ச் அலோய் வீல் அதுக்கு மேல ஏறுமா?"

டிஸ்க் என்பது சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டு; அதை பேட்களால் இரு பக்கமும் கவ்வுவது கலிப்பர். கெதியாக நிற்குமா என்றால், பெரும்பாலும் இல்லை. பிரேக் சில்லைப் பிடிக்கிறது, வீதியைப் பிடிப்பது டயர். இப்போது நீங்கள் ஓங்கி மிதித்தால், சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் காலில் உதைக்கிறதா? அப்படியென்றால் இருக்கிற பிரேக்குக்கே டயரின் பிடியை மீறும் பலம் இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தம் ஒரு முழம்கூடக் குறையாது. நல்ல டயர் போட்டால் குறையும்.

பிறகு எதற்குப் பெரிய டிஸ்க்? சூட்டுக்கு.

ஆட்களோடு 1200 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க சக்தி ஏறத்தாழ 296 கிலோ யூல். பள்ளிக்கூடத்து அரை எம்வீ வர்க்கம்தான், போட்டுப் பாருங்கள். 30 பாகையில் இருக்கும் ஒரு லீட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வளவு வெப்பம் போதும். அடுப்பில் பல நிமிடம் பிடிக்கும் வேலையை பிரேக் சில விநாடிகளில் செய்கிறது. நிறுத்தும்போது பாரம் முன்னால் சாய்வதால் அதில் முக்கால் பங்கு அளவு முன் டிஸ்க்குகளின் தலையில்தான் விழுகிறது. கல்முனை வீதியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. உள்ளங்கை போலத் தட்டையான ஊர். ஆனால் கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் பதினெட்டு வளைவு வழியாக இறங்கும்போது, ஒவ்வொரு 100 மீட்டர் உயரமும் 80இல் இருந்து நான்கு தடவை நிறுத்தியதற்குச் சமமான சக்தியைத் தருகிறது. கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால் அத்தனையும் இரும்புக்குள் போகும். பெரிய டிஸ்க்கில் இரும்பு கூட, ஆகவே மெதுவாகத்தான் சூடேறும்.

சரி, ஏறிய சூடு எப்படி வெளியே போகிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

முன் டிஸ்க் ஒன்றின் விளிம்பைப் பாருங்கள். பல வாகனங்களில் அது ஒரே தகடாக இருக்காது. இரண்டு தட்டுகள், நடுவே வரிசையாகச் சின்னச் சின்னச் சுவர்கள். ஓடும்போது முன்னாலிருந்து அடிக்கும் காற்று அந்த இடுக்குகளுக்குள் புகுந்து குளிர்விக்கிறது என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். பிறகொருநாள் வயலில் பழுதான தண்ணீர்ப் பம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுழலும் தட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அதே டிஸ்க்! பம்பியில் தண்ணீர் நடுவால் நுழைகிறது, சுழற்சி அதை விளிம்புக்கு வீசி எறிகிறது, நடுவில் உண்டாகும் குறையை நிரப்ப மேலும் தண்ணீர் ஓடி வருகிறது. பிரேக் டிஸ்க் செய்வதும் அதுதான். அச்சுக்குப் பக்கத்தால் குளிர்ந்த காற்றை இழுத்து, சுவர்களுக்கு நடுவே சூடாக்கி, விளிம்பால் துப்புகிறது. 80இல் போகும்போது உங்கள் சில்லு நிமிடத்துக்கு 700 தடவைக்கு மேல் சுற்றுகிறது. மோட்டரும் இல்லை, வயரும் இல்லை. வேகம் கூடினால் காற்றும் கூடுகிறது.

சில டிஸ்க்குகளில் அந்தச் சுவர்கள் வளைந்திருக்கும். பம்பியின் இதழ்களைப் போலவே அவை சுழலும் திசைக்குப் பின்னோக்கிச் சாய வேண்டும். அதனால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு வேறொன்று. மேலே வெட்டிய கோடுகளின் அழகைப் பார்த்துப் பக்கம் மாற்றிப் பூட்டுகிறவர்கள் உண்டு. கோட்டை விடுங்கள், உள்ளே இருக்கும் சுவரைப் பாருங்கள். இன்னொன்று: சில்லு நின்றால் பம்பியும் நின்றுவிடும். மலை இறங்கியதும் அடிவாரத்தில் தேநீருக்குச் சடாரென்று நிறுத்தாமல், கொஞ்சத் தூரம் பிரேக் பிடிக்காமல் மெல்ல ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

பெடலின் அழுத்தத்தைக் கலிப்பருக்குக் கொண்டுபோகும் பிரேக் ஒயிலையும் மறக்க வேண்டாம். டொட் 4 என்ற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் நிற்க வேண்டும்; காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155க்கு இறங்கிவிடுகிறது. கடலும் வாவியும் சூழ்ந்த மட்டக்களப்பில் ஈரத்துக்கா பஞ்சம்? கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். புது வாகனத்தை மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோய் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதே ஆட்கள் ஆறு வருடமாக ஒயில் மாற்றாமல் ஓடுவதுதான் வயிற்றெரிச்சல்.

இனி ரிம், அதாவது உங்கள் அலோய் வீல். 14 இஞ்ச் என்பது 355.6 மில்லிமீட்டர். அது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், உள்ளே இருக்கும் இடம் அதைவிடக் குறைவு. கலிப்பரின் முதுகு ரிம்மின் உட்சுவரில் முட்டலாம், அல்லது அதன் முகம் ரிம்மின் கம்பிகளில் முட்டலாம். ரிம்மில் பொறித்திருக்கும் ஓஃப்செட் எண், ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்பதைச் சொல்லும்; கம்பி எப்படி வளைந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. அதனால் களிமண்ணை நம்புங்கள். கலிப்பரின் மேலும் முகத்திலும் ஈரக் களிமண்ணை அப்பி, ரிம்மைப் பூட்டி, நட்டுகளை ஒழுங்காக இறுக்கி, கையால் ஒரு சுற்று மெல்லச் சுற்றுங்கள். கழற்றி, மிஞ்சிய களிமண்ணின் மிக மெல்லிய இடத்தை அளவிடுங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நான் ஓட்டமாட்டேன். வேறு ரிம் தேட நேர்ந்தால் நடு ஓட்டையையும் கவனியுங்கள். ஹொண்டா ஃபிட் காரின் ரிம்மில் நட்டுக்கான நான்கு ஓட்டைகளும் விட்ஸுக்கு நேராக வரும். ஆனால் அதன் நடு ஓட்டை 56.1 மில்லிமீட்டர், அது உட்காரும் உங்கள் ஹப் 54.1. இடையில் வளையம் போடாவிட்டால் ஆட்டம் வரும்.

கலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் பெரிதானால் பெடல் ஆழமாகப் போகும், பின் பிரேக்கின் பங்கும் குறையும். ஆகவே பெடலின் ஆழத்துக்காக, பெடலிலிருந்து ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மேல் மொடலிலிருந்து அந்தக் கடையில் சேர்த்துக் கேளுங்கள்.

நண்பர் ஒருவருக்கு இப்படிப் பூட்டி, களிமண்ணில் 4 மில்லிமீட்டர் பார்த்து, சந்தோஷமாகப் புறப்பட்டோம். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் சில்லுக்குள் டிக், டிக், டிக். இறங்கிப் பார்த்தால், சில்லு நடுங்காமல் சுற்றுவதற்காகப் பலன்ஸ் பண்ணியபோது ரிம்முக்குள் ஒட்டிய எடைத் துண்டைக் கலிப்பர் சீவிக்கொண்டிருந்தது. நாங்கள் அளந்தது பலன்ஸுக்கு முன். நீங்கள் பலன்ஸ் பண்ணிய பிறகு இன்னொரு தடவை அப்பிப் பாருங்கள், தம்பி. எத்தனை மில்லிமீட்டர் வந்தது என்று எழுதுங்கள்.